அறிவுமதியின் சாமானும் என் போணியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அறிவுமதி செய்வது காது மிஷின் இல்லை. காது கேட்காதவர்களுக்கான கருவி என்று நினைத்துக்கொண்டு என் பாத்திரக்கடை வாசலில் வந்து விசாரித்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போனது. அவள் செய்வது பாட்டுக் கேட்கிற சாமான். காதுத் துளைக்குள் போய்ப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். மேடையில் பாடுகிறவர்கள் வாங்குவார்கள். பாட்டுக் கேட்பதையே பிழைப்பாகவும் பைத்தியமாகவும் வைத்திருக்கிறவர்கள் வாங்குவார்கள். இன்-இயர் மானிட்டர் என்று பெயர். ஒரு ஜோடியைக் கையால் செய்து முடிக்கப் பதினோரு நாள் ஆகிறது. விலையைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்துகொள்வது நல்லது. அந்தக் காசுக்குக் கன்றோடு ஒரு கறவை மாடு பிடித்து வந்துவிடலாம்.

என் பெயர் துரைராஜ். செஞ்சி பஜாரில் கடை. மேலே ஓர் அறை, உடைந்த அண்டாக்களும் எலியுமாகக் கிடந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் தனியாக வந்து, மாடி வாடகைக்கு வேண்டும் என்றாள். முப்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் குடை, முகத்தில் சிரிப்பில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். அனந்தபுரம் பக்கம் என்றாள். எந்தத் தெரு என்று கேட்டேன். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் கண்ணை நேராகப் பார்த்து, "காலனிங்க. நைனா வீராசாமி, லாரியில மூட்டை ஏத்துறவரு. அட்வான்ஸ் எவ்ளோன்னு சொல்லுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கேட்டிருக்கக் கூடாது. சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சென்னையில் காது மிஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை. காதுக்குள் பசை மாதிரி ஒன்றை ஊற்றி, அது இறுகியதும் எடுத்து, அந்த அச்சில் கூடு வார்ப்பது அவள் வேலை. "மனுசங்க மூஞ்சி எனக்கு மறந்து போவும்ணா, காது மறக்காது" என்பாள். ஒருநாள் யாரோ ஒருவர் வெளிநாட்டில் வாங்கிய பாட்டுச் சாமான் உடைந்துபோய், ஒட்டித் தர முடியுமா என்று கொண்டு வந்திருக்கிறார். உள்ளே திறந்து பார்த்தால் அரிசி மணி அளவு ஸ்பீக்கர் ஐந்து, நரம்பு போன்ற குழாய், அதன் வாயில் கடுகளவு வலை. எல்லாம் அவள் தினமும் தொடுகிற பொருள்கள்தான். இதைச் செய்கிறவன் அமெரிக்காவில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. தோன்றினால் அவள் சும்மா இருக்கமாட்டாள். அடுத்த மாசமே வேலையை விட்டாள். அவளுடைய அம்மா வசந்தா மூன்று நாள் சோறு தின்னவில்லையாம். அவள் அசையவில்லை.

எனக்கும் அந்தச் சாமானுக்கும் சம்பந்தம் வந்தது பித்தளைக் குடத்தால். புதுச் சரக்கு வந்தால் நான் ஒவ்வொரு குடத்தையும் இடது கையில் தூக்கி, வலது கை விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவேன். நல்ல குடம் நீளமாகப் பேசும். மயிரிழை விரிசல் இருந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். அன்று மூன்று குடத்தை ஒதுக்கி வண்டிக்காரனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூணாவது எதுக்குணா தள்னீங்க? எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு."

"கழுத்துல விரிசல் விட்டிருக்குதும்மா."

அவள் அந்தக் குடத்தை வாங்கி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். இருந்தது. மேலே போனவள் ஒரு ஜோடியோடு இறங்கி வந்து, "இத காதுல வெச்சிக்கினு, இன்னா தோணுதோ சொல்லுங்க. நல்லாருக்குது நல்லால்லன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

பனமலைக் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தில் அவளே பதிந்துகொண்டு வந்த நாதஸ்வரம். நான் கல்யாணத்துக்குச் சாமான் போட்டே வளர்ந்தவன், ஆயிரம் நாதஸ்வரம் கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. தவில்காரரின் இடது கைக் குச்சி தோலில் விழுவதும், வலது கை விரல் கவசம் உரசுவதும் தனித்தனியாக இருந்தன. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது என் வலது தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன். கடையில் யாரும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்ததால் தும்முகிற மாதிரி நடித்தேன்.

"பின்னால யாரோ டம்ளர் வைக்கிறான்" என்றேன். "எவர்சில்வர். அடி மெலிசு. நம்ம கடை சாமான் இல்ல."

அன்றைக்குத்தான் அவள் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜோடியும் முடியும் தறுவாயில் என்னிடம் வரும். மத்தியானம் மூன்று மணிக்கு, பஜார் தூங்கி வழிகிற நேரத்துக்கு வருவாள். ஒரே சாமானைப் பத்து நாள் கேட்டால் செய்கிறவளின் காது அதற்குப் பழகிப் போய்விடுமாம். குறைகூட நிறையாகக் கேட்குமாம். லேப்டாப்பில் கோடு கோடாகப் படம் வரும், அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் புதுக்காது ஒன்று கேட்டுச் சொன்னால்தான் அவள் பெட்டியை மூடுவாள். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்வேன். "அண்டாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்குது" என்பேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் கூட்டில் ஊசித் துளை ஒன்று போடுவாள். "ஈயம் பூசுனது ஜாஸ்தி, மழுங்கிப் போச்சு" என்றால் வலையை மாற்றுவாள். எல்லாவற்றையும் அவள் ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். ஒருமுறை ஜால்ராச் சத்தத்தின் நுனி காணவில்லை என்று சாதித்தேன். "அது இருக்குதுணா. ஒங்க காதுக்கு வயசாயிடுச்சி. அவ்ளோ ஒசரத்துல ஒங்களுக்குக் கேக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

என் மைத்துனன் ஒருத்தன், "யார் காதுல இருந்ததை எடுத்து நீ காதுல வெக்கிற" என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

குரலைச் சோதிக்க அவளிடம் ஒரு பதிவு உண்டு. பாட்டு இல்லை, அவள் அம்மா திட்டுவது. "ஒலகத்துலயே எனக்கு நல்லாத் தெரிஞ்ச கொரல் அதான்ணா. ஒரு நூல் மாறுனாலும் கண்டுபுடிச்சிருவேன்" என்பாள். போனில் திட்டியதை இல்லை, வீட்டில் நேராகத் திட்டும்போது மைக் வைத்துப் பதிந்திருக்கிறாள். "சம்பளத்தோட வேல, சன்டே லீவு. சொன்னா கேக்குதா சனி. சோத்துக்கு இன்னா செய்வ" என்று அந்த அம்மாள் மூச்சு விடாமல் போடுவார். ச, சி, சோ என்று வரிசையாக வருவதால் சாமானின் மேல்சத்தத்துக்கு அதைவிட நல்ல பரீட்சை கிடையாது. முந்நூறு தடவையாவது நான் அந்தத் திட்டைக் கேட்டிருப்பேன். சில நாள் எனக்கே ரோஷம் வரும்.

அந்தத் திட்டில் நியாயமும் இருந்தது. நாலு வருஷம் ஆகியும் மாசம் ஒரு ஜோடி போனால் பெரிய விஷயம். சாமான் நன்றாக இருந்தால் போதாது. நன்றாக இருக்கிறது என்று ஊரறிந்த காது ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் ஸ்ரீஹரி என்று ஒருவர், இந்த மாதிரிச் சாமான்களைக் கேட்டு, கேட்ட அனுபவத்தை இணையத்தில் எழுதுகிறவர். காசு வாங்கமாட்டார், முகதாட்சண்யமும் பார்க்கமாட்டார். அவர் ஒரு வரி நல்லதாக எழுதினால் வாங்குவதற்கு ஆள் வரும். கெட்டதாக எழுதினால் கடையை மூட வேண்டியதுதான். புதுக்காது ஒன்று கேட்டுச் சொல்லாமல் எந்த ஜோடியையும் அனுப்புவதில்லை என்றெல்லாம் எட்டு மாசம் விடாமல் எழுதிக் கேட்டு, கடைசியில் அவரிடம் சரி என்று வாங்கிவிட்டாள். யார் காதிலும் பொருந்துகிற மாதிரி ரப்பர் முனை வைத்த ஜோடி ஒன்றை அனுப்பச் சொன்னார். அதே சமயம் பழைய கம்பெனியும் கூப்பிட்டது. பட்டறைக்கே பொறுப்பாளராக வரலாம், இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றது. அம்மாவிடம் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஸ்ரீஹரி நல்லது எழுதவில்லை என்றால் மாடியைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடுவேன் என்று.

ஜோடி தயாரானது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் கேட்டு, குரல் ஒரு விரற்கடை பின்னால் நிற்கிறது என்றேன். ராத்திரியே வலையை மெலிசாக மாற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு இறங்கி வந்தாள். பத்து மணிக்குக் கூரியர். அவள் காலையில் வந்தது அதுதான் முதல் தடவை. நான் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன்.

கேட்டேன். வசந்தாம்மாள் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு 'ச'வும் மழுக்காத எவர்சில்வர் தட்டின் விளிம்பு மாதிரி காதைக் கீறியது. வலை ரொம்ப மெலிந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பஜாரில் முதல் வியாபாரம் ஆகிறவரை, அதாவது போணி ஆகிறவரை, கடைக்காரன் வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது. கெட்ட வார்த்தை என்றால் வசவு இல்லை. இல்லை, குறை, உடைசல், சரியில்லை, இதெல்லாம்தான். சாமான் இல்லாவிட்டாலும் 'வரும்' என்போம். விரிசல் குடத்தை யாராவது காட்டினால்கூட, 'நல்லதா எடுத்துத் தர்றேன்' என்போம். நாற்பது வருஷமாக என் வாய் அப்படிப் பழகியது. அதுவும் வெள்ளிக்கிழமை. அவள் நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். என் வாய் தன்பாட்டுக்கு, "நல்லாருக்குதும்மா" என்றது.

நல்லாருக்குது என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று சொன்னவள் அவள். பதற்றத்தில் அன்று அதை அவளும் கவனிக்கவில்லை. பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓடினாள்.

பத்தே காலுக்கு ஒரு கரண்டி விற்றுப் போணி ஆனது. எழுந்து வெளியே வந்தேன். கூரியர் வண்டி போய்விட்டது. போன் செய்து நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. அவருக்குக் கேட்காமல் போகலாம், ஒருவேளை அவருக்கு அப்படித்தான் பிடிக்குமோ என்னவோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் கோழை. வேறு வார்த்தை இல்லை.

பத்தாம் நாள், திங்கட்கிழமை, ஸ்ரீஹரியிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. கீழ்ச்சத்தம் பிரமாதம், கைவேலை அபாரம், ஆனால் குரல் காதைக் கீறுகிறது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதை எழுதப் போகிறேன், உங்களுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன் என்று. அவள் படித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க கேட்டப்போ கீறுச்சா?"

"கீறுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"போணி ஆவலம்மா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கச் சொன்னேன்.

"ஒரு கரண்டி விக்கிறதுக்காக என்கிட்ட பொய் சொன்னீங்களா" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "எனக்குக் காது இல்லாமயா ஒங்ககிட்ட வந்தேன்? நம்பி வந்தேன்ணா. என் அம்மாவவிட ஒங்க வாய நம்புனேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் நிற்காமல் மேலே போய்விட்டாள்.

நான் நினைத்தேன், அறையைக் காலி செய்வாள் என்று. அவள் ஸ்ரீஹரிக்குப் போன் போட்டிருக்கிறாள். ஞாயிறு பத்து மணிக்குள் வேறு ஜோடி கையில் வந்தால் கேட்கிறேன், ஆனால் பழையதைப் பற்றியும் எழுதத்தான் எழுதுவேன் என்றிருக்கிறார் அவர். எழுதிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறாள். திங்கள், செவ்வாய், புதன். பதினோரு நாள் வேலை ஆறு நாளில் நடந்தது. மாடியில் கூட்டை இறுக வைக்கிற ஊதா விளக்கு எரிவது ஜன்னல் வழியாகத் தெரியும். சாந்தி, என் மனைவி, இட்லி கொடுத்தனுப்பினால் பாத்திரம் கழுவித் திரும்பி வரும், பேச்சு வராது. நான் எதிரில் போனால் அறிவுமதி சுவரைப் பார்ப்பாள். எனக்கு அது தகும்.

சனிக்கிழமை காலை கடை திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க ஓர் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். குத்துவிளக்கும் குடமும் எடுத்துப் பரப்பியிருந்தேன். அறிவுமதி இறங்கி வந்து, விளக்குக்குப் பக்கத்தில் அந்த ஜோடியை வைத்தாள்.

"கேளுங்க."

"இன்னும் போணி ஆவல."

"தெரியும். அதான் இப்ப வந்தேன்."

எடுத்துக் காதில் வைத்தேன். நாதஸ்வரம் சரி. குச்சி சரி, மூச்சு சரி. வசந்தாம்மாள் திட்ட ஆரம்பித்தார். இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் 'சோத்துக்கு' என்ற இடத்தில் ஒரு சிறு கீறல், முன்பிருந்ததில் கால்வாசி இருக்கும். சீர் எடுக்க வந்த அம்மா கையில் குத்துவிளக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விடலாம். கால்வாசிதானே.

"சரியில்ல" என்றேன். கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "வலது பக்கம் இன்னும் குறை இருக்குது."

அந்த அம்மா குத்துவிளக்கைக் கீழே வைத்தார். "கல்யாணச் சாமானைத் தொடும்போது இன்னா வார்த்தை இது" என்று எழுந்து நேராக எதிர்க்கடைக்குப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் போயிருப்பேன்.

அறிவுமதி அதைப் பார்த்தாள். "எந்த எடத்துல?" என்று மட்டும் கேட்டு, எழுதிக்கொண்டு மேலே போனாள்.

மத்தியானம் வந்தாள். இல்லை என்றேன், இப்போது மழுங்கிவிட்டது. போனாள். நாலு மணிக்கு வந்தாள். மூன்று தடவை கேட்டேன். வசந்தாம்மாள் எனக்கு எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று திட்டினார். எந்த 'ச'வும் கீறவில்லை, எதுவும் மழுங்கவில்லை. சரி என்றேன்.

"நெஜமா?"

"நெஜம்."

பாத்திரத்தின் எடையை நான் சொன்னதும், நம்பலாமா என்று கடைக்கு வருகிறவர்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத்தான் அவளும் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

ஞாயிறு பத்து மணிக்குச் சாந்தி தன் போனில் அதை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். முதல் ஜோடியை அவர் சும்மா விடவில்லை. அதைக் கேட்டுச் சரி என்று அனுப்பியவருக்குக் காது இருக்கிறதா என்று சந்தேகப்பட்டேன் என்று எழுதியிருந்தார். சாந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேலே படி என்றேன்.

'இன்று காலை ஏழு மணிக்குச் செய்தவரே செஞ்சியிலிருந்து இரண்டாவது ஜோடியோடு என் வீட்டு வாசலில் நின்றார். முதலாவதில் நடந்தது தன் தவறு என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் கேட்டேன். பாடுகிறவர் கையெட்டும் தூரத்தில் நிற்கிறார். குரலுக்கும் காதுக்கும் நடுவே எதுவும் இல்லை. இவ்வளவு உண்மையாக ஒரு குரலை இந்த வருஷம் நான் வேறெதிலும் கேட்கவில்லை. முதல் ஜோடியைக் கேட்டுச் சொன்ன ஆளை அவர் மாற்றிவிட்டார் என்று நினைக்கிறேன். நல்ல காரியம் செய்தார்.'

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷமா அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"என் பேரச் சொல்லியிருக்கலாமேம்மா."

"பொட்டியில வெச்சி ஒட்டுனது என் கை. ஒங்க பேரு எதுக்கு?"

"ஆள மாத்திட்டன்னு எழுதியிருக்காரு."

"மாத்தலாம்னுதான் இருந்தேன்" என்றாள். "சனிக்கிழம சாயங்காலம் நீங்க சரின்னீங்க. நம்புறதா வேணாமான்னு திண்டிவனம் வரைக்கும் மனசு அடிச்சிக்கினே இருந்துச்சு. அப்புறம் அந்தம்மா குத்துவெளக்க வெச்சிட்டு எந்திரிச்சிப் போனது ஞாபகம் வந்துச்சு. தூங்கிட்டேன்."

நான் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினேன்.

அவள் அங்கேயே உட்கார்ந்தபடி கம்பெனிக்குப் போன் போட்டாள். வரவில்லை சார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அடுத்து அம்மாவுக்குப் போட்டாள். வசந்தாம்மாளின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது, திட்டுகிறாரா அழுகிறாரா என்று என் காதுக்கே பிடிபடவில்லை. "சாயங்காலம் வர்றேம்மா, மூணு பேரு ஆர்டர் குடுத்துருக்காங்க, கூட்டுக்கு ரெசின் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து மேலே போனாள்.